ராணிப்பேட்டையிலிருந்து கென்ட் வரை: ஸ்கடர் குடும்பத்தின் வேரைத் தேடி

வேலூர்க்காரர்களுக்கு ஸ்கடர் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சி.எம்.சி.யைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். வேலூரில் அவர் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. ராணிப்பேட்டையில் ஸ்கடர் நினைவு மருத்துவமனை இருக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று இந்தத் தோல் தொழில் பகுதியில் எந்த ஊருக்குப் போனாலும், அந்த இரண்டு ஆஸ்பத்திரிகளில் ஒன்றோடு தொடர்பு இல்லாத குடும்பம் அபூர்வம்.

"அவங்க யாரு?" என்று கேட்டால் "அமெரிக்காக்காரங்க" என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் அமெரிக்காவில் ஸ்கடர் என்ற பெயர் மண்ணில் முளைத்தது இல்லை. ஒரு காலத்தில் யாரோ ஒருவர் அந்தப் பெயரோடு கப்பலில் வந்து இறங்கியிருக்க வேண்டும். அவர் யார், எந்த ஊர், அது எப்படித் தெரிய வந்தது? இதைத்தான் கொஞ்ச நாளாகப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். போகப்போக அந்தத் தேடலே நம்ம பக்கத்துக் குடும்பங்களுக்கும் ஒரு வழியைக் காட்டுது என்று தோன்றியது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

வம்சாவளி தேடுபவர்களுக்கு ஒரு விதி உண்டு. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகணும். மேலே இருக்கும் பெரிய மனிதரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கக் கூடாது. நாமும் ராணிப்பேட்டையிலிருந்தே ஆரம்பிப்போம்.

ராணிப்பேட்டை, யாழ்ப்பாணம்

ஐடா ஸ்கடர் பிறந்தது 1870 டிசம்பர் 9, ராணிப்பேட்டையில். அந்த ஊர் மருத்துவமனையை 1866-ல் தொடங்கியவர் அவருடைய பெரியப்பா சைலஸ் டௌனர் ஸ்கடர். ஐடாவின் அம்மா சோஃபியா வெல்டு, அப்பா ஜான் ஸ்கடர். இந்த ஜான் பிறந்தது அமெரிக்காவில் இல்லை, 1835-ல் இலங்கையில். சைலஸும் இலங்கையில் பிறந்தவர்தான்.

அங்கே எப்படி? ஐடாவின் தாத்தாவும் ஒரு ஜான் ஸ்கடர். நியூ ஜெர்சியில் ஃப்ரீஹோல்டு என்ற ஊரில் 1793-ல் பிறந்தவர். பிரின்ஸ்டனில் படித்து, நியூயார்க்கில் மருத்துவப் படிப்பை முடித்து, அங்கேயே வைத்தியம் பார்த்தவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த சின்னப் பிரசுரத்தைப் படித்து மனம் மாறினார் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லும் கதை. 1819-ல் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து மனைவி ஹேரியட் வாட்டர்பரியோடு கப்பலேறினார். யாழ்ப்பாணத்தில் பண்டத்தரிப்பில் மருத்துவமனை நடத்தினார். 1836-ல் சென்னைக்கு வந்தார். ஹேரியட் 1849-ல் காலமானார். ஜான் 1855-ல் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் இறந்தார்.

அவருடைய மகன்களில் ஏழு பேர் இந்தியாவில் ஊழியம் செய்தார்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின் ஸ்கடரும் தம்பிகளும் சேர்ந்து 1850களில் உருவாக்கியதுதான் ஆற்காடு மிஷன். வேலூர், ஆரணி, சித்தூர், ராணிப்பேட்டை எல்லாம் அதன் எல்லைக்குள் வந்தன. தலைமுறை தலைமுறையாக நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இந்தியாவில் வேலை செய்தார்கள் என்பார்கள்.

இதுவரைக்கும் சிரமமே இல்லை. மிஷன் அறிக்கைகள், கடிதங்கள், கல்லறைக் கல்வெட்டுகள் என்று எல்லாம் அச்சில் இருக்கு. ஒரே ஒரு குழப்பம்தான்: அப்பா ஜான், தாத்தாவும் ஜான். நமக்கு இது புதுசு இல்லை. பேரன் என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே, தாத்தா பெயரைத் தாங்குகிறவன். அதனால் பெயரை மட்டும் நம்பக் கூடாது, கூடவே மனைவி பெயரையும் பார்க்கணும். ஹேரியட்டின் கணவர் ஜான் வேறு, சோஃபியாவின் கணவர் ஜான் வேறு. ஆண்களைப் பிரித்துக்காட்டுவது பெண்களின் பெயர்தான். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கார்ன்வாலிஸ் போகிற வழியில்

மருத்துவர் ஜானின் அப்பா ஜோசப் ஸ்கடர், வழக்கறிஞர். ஜோசப்பின் அப்பா நத்தேனியல் ஸ்கடர், 1733-ல் பிறந்தவர். ஐடாவுக்கு எள்ளுத்தாத்தா முறை. இவரும் பிரின்ஸ்டனில் படித்தவர், இவரும் மருத்துவர். வைத்தியம் அந்தக் குடும்பத்துக்கு மிஷனோடு வந்தது என்று நினைக்க வேண்டாம், அதற்கு முன்பே இருந்தது.

அமெரிக்க விடுதலைப் போர் சமயத்தில் நத்தேனியல் நியூ ஜெர்சியின் சார்பில் கான்டினென்டல் காங்கிரஸின் உறுப்பினர். அமெரிக்க மாநிலங்களை முதன்முதலில் ஒன்றாகக் கட்டிய கூட்டமைப்பு விதிகளில் 1778 நவம்பரில் நியூ ஜெர்சிக்காகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர். 1781 அக்டோபரில் ஷ்ரூஸ்பரிக்குப் பக்கத்தில் நடந்த ஒரு சிறிய மோதலில் குண்டு பட்டு இறந்தார். அந்தப் போரில் சண்டையில் உயிரிழந்த ஒரே காங்கிரஸ் உறுப்பினர் என்று அவரைக் குறிப்பிடுவார்கள்.

அவர் இறந்து சில நாட்களில், 1781 அக்டோபர் 19 அன்று, யார்க்டவுனில் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. சரணடைந்த தளபதி கார்ன்வாலிஸ் பிரபு. அதே கார்ன்வாலிஸ் 1786-ல் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரலாக வந்தார். 1791 பிப்ரவரியில் திப்பு சுல்தானை எதிர்த்துப் புறப்பட்டபோது படையோடு வேலூருக்கு வந்தார். ஆம்பூர் வழியாக மலையேறப் போவது போல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே முகலி கணவாய் வழியாக மைசூர் நாட்டுக்குள் நுழைந்தார். எட்டே வருஷத்தில் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்புவின் பிள்ளைகள் வேலூர்க் கோட்டைக்குள் அடைக்கப்பட்டார்கள்.

ஸ்கடர்கள் நம்ம பக்கம் வருவதற்கு அறுபது வருஷம் முன்பே, அவர்கள் எதிர்த்துப் போராடிய தளபதி இந்தப் பாலாற்றங்கரையைத் தாண்டிப் போய்விட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்து உயிர்விட்டவரின் வாரிசுகள், அதே ஆட்சி நடந்த வட ஆற்காட்டில் வந்து குடியிருந்தார்கள். சரித்திரம் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வருது.

லாங் ஐலண்டில் வாங்கிய நிலம்

நத்தேனியலின் அப்பா ஜேக்கப் ஸ்கடர். பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில் மாவு மில் நடத்தினார். அந்த இடத்தில் இன்றைக்கும் 'ஸ்கடர்ஸ் மில்' என்ற பெயரில் ஒரு சாலை இருக்கு. ஜேக்கப் நியூ ஜெர்சிக்கு வந்தது லாங் ஐலண்டில் உள்ள ஹண்டிங்டன் என்ற ஊரிலிருந்து. அங்கே பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே ஸ்கடர்கள் இருந்தார்கள்.

ஹண்டிங்டன் உருவான கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1653 ஏப்ரல் 2 அன்று மூன்று ஆங்கிலேயர்கள் மாட்டினகாக் பழங்குடியினரின் தலைவர் ரசியோகனிடம் அந்த நிலத்தை 'வாங்கினார்கள்'. விலைப் பட்டியல் பத்திரத்தில் அப்படியே இருக்கு: ஆறு கோட்டு, ஆறு கெண்டி, ஆறு கைக்கோடாலி, ஆறு மண்வெட்டி, ஆறு சட்டை, பத்துக் கத்தி, ஆறு பாகம் சங்குமணிச் சரம், மீன் குத்தும் முள் முப்பது, ஊசி முப்பது. மைல் கணக்கில் விரிந்த நிலத்துக்கு இதுதான் விலை.

'வாங்கினார்கள்' என்பதை மேற்கோள் குறிக்குள் போட்டதற்குக் காரணம் இருக்கு. விற்றவர்களுக்கும் வாங்கியவர்களுக்கும் நிலத்தை விற்பது என்றால் என்ன என்பதில் ஒரே அர்த்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் பத்திரம் எழுதியது ஒரு தரப்பு, எழுதிய மொழியும் அந்தத் தரப்பின் மொழி. ஸ்கடர்கள் அந்த மூன்று பேரில் இல்லை, சில வருஷம் கழித்து அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். இருந்தாலும் அந்த வாங்கலின் பலனில்தான் அவர்களுடைய பண்ணைகள் எழுந்தன. குடியேறியவரின் வம்சாவளியைத் தேடுகிறவர் இந்தப் பட்டியலைத் தாண்டிக் குதித்துப் போகக் கூடாது.

ரசியோகனின் வாரிசுகள் யார் என்று தேடினால் இதே அளவு காகிதம் கிடைக்காது. ஏன் என்று பிறகு பார்ப்போம்.

சேலத்துப் பெரியவர்

ஹண்டிங்டனுக்கு ஸ்கடர்கள் எங்கிருந்து வந்தார்கள்? மாசாசூசெட்ஸில் உள்ள சேலத்திலிருந்து. நம்ம சேலம் இல்லீங்க, அது வேதாகமத்தில் வரும் பெயர். பின்னாளில் சூனியக்காரி வழக்குகளுக்குப் பேர்போன அதே ஊர். அங்கே இருந்தவர் தாமஸ் ஸ்கடர். அமெரிக்காவில் இந்தக் கிளையின் முதல் ஆள் இவர்தான்.

இவரை 'ஓல்ட் குட்மேன் ஸ்கடர்' என்று குறிப்பிடுவது வழக்கம். குட்மேன் என்றால் நல்லவர் என்று அர்த்தம் இல்லை. அன்றைய ஆங்கிலேய சமூகத்தில் அது ஒரு படிநிலை. நிலபுலன், படிப்பு, பதவி உள்ளவருக்கு 'மிஸ்டர்'. உழைத்துச் சாப்பிடும் சாதாரணக் குடும்பத் தலைவருக்கு 'குட்மேன்'. நம்ம பழைய பத்திரங்களில் ஒருத்தருக்கு 'மகாராஜராஜஸ்ரீ' என்று முன்னால் போட்டிருக்கும், அதே பத்திரத்தில் எல்லை சொல்லும்போது இன்னொருத்தருக்கு வெறும் பெயரும் சாதியும் மட்டும் இருக்கும். அந்த மாதிரி. ஆக, ஸ்கடர் குடும்பத்தின் முதல் அமெரிக்கர் பிரபு இல்லை, ஒரு சாதாரண ஆள்.

சாதாரண ஆள் எப்படிப் பதிவில் மாட்டினார்? அவர் உயில் எழுதினார். 1657-ல் எழுதிய அந்த உயிலில் மனைவி எலிசபெத், மகன்கள் ஜான், தாமஸ், ஹென்றி, பார்த்தலோமியு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் எலிசபெத், ஏற்கெனவே இறந்துபோன மகன் வில்லியமின் பிள்ளையான பேரன் தாமஸ் என்று எல்லாரும் வரிசையாக வருகிறார்கள். ஒரே ஒரு காகிதத்தில் மூன்று தலைமுறை. மகன்கள் மூன்று பேரும் சேலத்தை விட்டு லாங் ஐலண்டுக்குப் போனவர்கள். அந்த மகன் தாமஸின் ஹண்டிங்டன் கிளையில்தான் ஜேக்கப், நத்தேனியல், ஜோசப், இரண்டு ஜான்கள், கடைசியில் ஐடா.

இந்தக் காலத்துப் பதிவுகளைப் படிக்கும்போது தேதியில் ஜாக்கிரதையாக இருக்கணும். அன்றைக்கு ஆங்கிலேயருக்கு வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். 1752-ல்தான் ஜனவரி 1-க்கு மாறினார்கள். பியூரிட்டன்கள் மாதத்துக்குப் பெயர் எழுதாமல் எண் போட்டார்கள், மார்ச் முதல் மாதம். 'நாலாம் மாதம்' என்று இருந்தால் ஏப்ரல் இல்லை, ஜூன். நமக்கும் இதே தொல்லை உண்டு. வீட்டில் இருக்கும் பழைய ஓலையிலோ சீட்டிலோ 'பிலவ வருஷம்' என்று மட்டும் இருந்தால் அது 1901-ஆ, 1841-ஆ? அறுபது வருஷச் சுழற்சியில் இரண்டும் பிலவதான். உள்ளே இருக்கும் ஆட்களின் வயசை வைத்துத்தான் தீர்மானிக்க முடியும்.

க்ரோட்டனா, கென்ட்டா?

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். தாமஸ் இங்கிலாந்தில் எந்த ஊர்?

பழைய குடும்ப வரலாறுகள் சில 'க்ரோட்டன்' என்று ஓர் ஊரைச் சொல்லின. கேட்க நன்றாகத்தான் இருக்கு. மாசாசூசெட்ஸ் குடியேற்றத்தின் முதல் பெரிய தலைவரான ஜான் வின்த்ராப் சஃபக் மாவட்டத்து க்ரோட்டனிலிருந்து வந்தவர். அந்த ஊரோடு சேர்த்துச் சொன்னால் குடும்பத்துக்கு ஒரு கௌரவம். ஒரு புத்தகத்தில் அச்சாகிவிட்டால் அடுத்த புத்தகம் அதைப் பார்த்து எழுதும், அடுத்தது அதைப் பார்த்து. நாலு புத்தகத்தில் இருக்குது என்பதால் அது நாலு சாட்சி ஆகிவிடாது. ஒரே வாய் நாலு தடவை பேசியிருக்கு, அவ்வளவுதான்.

1997-ல் ஜேன் ஃப்ளெட்சர் ஃபிஸ்க் என்ற வம்சாவளி ஆய்வாளர் 'தி அமெரிக்கன் ஜீனியாலஜிஸ்ட்' இதழில் எழுதிய கட்டுரைதான் ஸ்கடர்களைக் கென்ட் மாவட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. லண்டனுக்குத் தென்கிழக்கே டேரன்ட் ஆற்றங்கரையில் ஹார்ட்டன் கிர்பி என்று ஒரு சிற்றூர். தாமஸின் அப்பா ஹென்றி ஸ்கடர் அந்த ஊர்க்காரர். தாமஸின் மனைவி எலிசபெத் லோவர்ஸ், பக்கத்திலேயே இருக்கும் டேரன்த் ஊர்ப் பெண்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது அந்தக் கட்டுரையின் தலைப்பு. அது 'ஒரு குடும்பத்தின் வரலாறு' என்று சொல்லவில்லை, 'உறவு வலை' என்று சொல்லுது. சேலத்து ஸ்கடர்கள், பார்ன்ஸ்டபிள் ஸ்கடர்கள் என்று இரண்டு கிளைகளோடு, இரண்டு பெண்களின் பெயரும் தலைப்பிலேயே இருக்கு: பிரிட்ஜெட் (பேக்கர்) (வெர்ரி) கைல்ஸ், ஜோவன்னா (சேம்பர்லின்) பெட்ஸ். வம்சாவளி எழுதுபவர்களின் முறை இது. அடைப்புக்குறிக்குள் முதலில் வருவது பிறந்த வீட்டுப் பெயர், அடுத்தது முதல் கணவர் வழிப் பெயர், கடைசியில் அடைப்பு இல்லாமல் நிற்பது கடைசிக் கணவர் வழிப் பெயர். ஒரே வரியில் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுதும் அடங்கிவிடும்.

ஏன் இந்தப் பெண்கள் தேவைப்பட்டார்கள்? தாமஸ் ஸ்கடர் என்ற பெயர் மட்டும் கையில் இருந்தால், இங்கிலாந்தில் எந்தத் தாமஸ் நம்ம தாமஸ் என்று நிரூபிப்பது கஷ்டம். ஜான், தாமஸ், ஹென்றி எல்லாம் தெருவுக்கு நாலு பேர் இருக்கும் பெயர்கள். ஆனால் கடல் கடந்து போனவர் தனியாகப் போகவில்லை. அக்கா தங்கை வீட்டார், அவர்கள் பிள்ளைகள், மருமக்கள் என்று ஒரு கூட்டமே முன்னும் பின்னுமாகப் போயிருக்கு. அந்த உறவுக் கூட்டம் இங்கிலாந்தில் எந்த ஊர்களின் பதிவுகளில் ஒன்றாகத் தென்படுகிறதோ, அந்தப் பக்கம்தான் சொந்த ஊர். அப்பன் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் முட்டுச்சந்து. பெண் கொடுத்து எடுத்த வழியில் போனால் ஊர் வந்து சேருது.

ஆம்பூர்க்காரருக்கு இதைப் பாடம் நடத்த வேண்டியதே இல்லை. நம்ம ஊரில் ஒருத்தரை அடையாளம் கேட்கும்போது "எங்க பொண்ணு எடுத்திருக்காங்க?" என்றுதானே அடுத்த கேள்வி.

தோலில் எழுதிய பெயர்கள்

ஹார்ட்டன் கிர்பி போன்ற சிற்றூர்களில் நானூறு வருஷத்துக்கு முந்தைய பெயர்கள் எப்படித் தப்பின? 1538-ல் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். முதலில் பல ஊர்களில் காகிதத்தில் எழுதினார்கள். அது அரித்துப் போக ஆரம்பித்ததும், 1598-ல் எல்லாவற்றையும் தோல் ஏட்டில் திரும்ப எழுதச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்தத் தோல் ஏடு எப்படித் தயாராகும் என்று படித்தபோது சிரிப்பு வந்தது. ஆட்டுத் தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்புக் குழியில் போட்டு, முடியை நீக்கி, சதையைச் சுரண்டி... இதுவரைக்கும் நம்ம தோல் ஷாப்பில் நடக்கும் அதே வேலை. இங்கே வித்தியாசம் அதற்குப் பிறகுதான். நம்ம பக்கம் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள், பின்னால் குரோம் வந்தது. ஏட்டுக்கான தோலைப் பதனிடுவதில்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டி, சுரண்டிச் சுரண்டி, அப்படியே காயவைத்துவிடுவார்கள். அது காகிதத்தைவிடப் பல மடங்கு தாங்கும். ஆக, ஆங்கிலேயக் கிராமத்துச் சாதாரண மனிதர்களின் பெயர்களைக் காப்பாற்றிக் கொடுத்ததில் தோலுக்கும் பங்கு இருக்கு.

அதே சுண்ணாம்புக் குழியில் கால் வைத்து, கை வெந்து, நாளெல்லாம் வேலை செய்த நம்ம ஊர் மக்களின் பெயர்களை யார் எழுதி வைத்தது?

நம்ம பக்கத்துப் பதிவேடுகள்

என் அம்மாவழிப் பாட்டி ராணிப்பேட்டையில் பிறந்தவர். அவருடைய அப்பா தோல் ஷாப்பில் கூலி. அவருக்கு மேலே யார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியாது. "ஆரணிப் பக்கத்துலேர்ந்து வந்தோம்" என்பதோடு சரி. ஸ்கடர் குடும்பத்தில் சுமார் பத்துத் தலைமுறையை என்னால் சொல்ல முடியுது, என் குடும்பத்தில் நாலாவது தலைமுறையில் இருட்டு. பாட்டனைப் பற்றி அக்கறை இல்லாததாலா இது? இல்லை. நிலம் இருந்தவனுக்குப் பத்திரம் இருந்தது, கொடுக்கச் சொத்து இருந்தவன் உயில் எழுதினான். ரசியோகனின் ஆட்களுக்கும் என் பாட்டியின் முன்னோருக்கும் காகிதம் இல்லாமல் போனதன் காரணம் ஒன்றேதான். எழுதுகிறவன் கணக்கில் அவர்கள் எல்லையாகவோ கூலியாகவோ மட்டும் இருந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1899-ல். அதிலும் குழந்தைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிடுவதால் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்பா பெயர், சாதி, ஆணா பெண்ணா, அவ்வளவுதான் கிடைக்கும்.

ஆனாலும் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆற்காடு மிஷனின் கிராம சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழை மக்கள். அந்த மிஷன் 1908-ல் தென்னிந்திய ஐக்கிய சபையோடும், 1947-ல் அதன் வழியாகத் தென்னிந்தியத் திருச்சபையோடும் இணைந்தது. சபைகள் இணைந்தாலும் ஞானஸ்நானப் பதிவேட்டை மூடிவிடவில்லை. ஒரு கூலிக்காரரின் பெயரும், அவர் மனைவி பெயரும், ஊரும், தேதியும் ஒரே வரியில் எழுதப்பட்ட முதல் இடம் பல குடும்பங்களுக்கு அதுதான். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் இருக்கு. மாப்பிள்ளை, பெண், இரண்டு பேரின் தகப்பனார், சாட்சிகள் என்று அதில் ஒரு சின்ன உறவு வலையே இருக்கும். மற்றவர்களுக்கு குலதெய்வக் கோயில் வரி நோட்டு, பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேடு, சார்பதிவாளர் ஆபீஸில் வில்லங்கம் போட்டால் கிடைக்கும் பத்திரங்கள்.

ஒரு எச்சரிக்கை: பெயரைப் பார்த்து ரத்த உறவு என்று முடிவு கட்டாதீங்க. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் விடுதிகளில் படித்த பிள்ளைகளுக்கு, செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரை வைக்கும் வழக்கம் இருந்தது. தமிழறிஞர் ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. அவர்கள் பெயரில் இருக்கும் ஆர்னல்டும் கரோலும் அமெரிக்க வம்சாவளிக்குச் சாட்சி இல்லை. நம்ம பக்கமும் மிஷன் வழி வந்த பெயர்களை அதே கண்ணோடுதான் பார்க்கணும்.

என் பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். கென்ட் கதையைப் படித்த பிறகு பாட்டியின் அப்பா பெயரைத் தேடுவதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, அவருடைய அக்காவைத் தேடினேன். அந்த அத்தை குடியாத்தம் பக்கம் வாழ்க்கைப்பட்டார் என்பது மட்டும் அம்மாவுக்கு நினைவில் இருந்தது. ஒரு சின்ன கிராமத்துத் தேவாலயத்தில் உபதேசியார் எழுதிய பழைய பதிவேட்டில், அந்த அத்தையின் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த வரி கிடைத்தது. பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர். அம்மாவின் பெயருக்குப் பக்கத்தில், இடம் போதாமல் ஓரத்தில் நெருக்கி, அவர் பிறந்த ஊரின் பெயர். அது ஆரணிப் பக்கம் இல்லை, பேர்ணாம்பட்டுப் பக்கம்.

இந்த ஒரு வரியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வீட்டுப் பேச்சில் வரும் ஆரணி ஒரு தலைமுறை முன்னாலோ பின்னாலோ உண்மையாகவும் இருக்கலாம். அடுத்து அந்தப் பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஊரில் சபை இருந்ததா, பள்ளிக்கூடம் இருந்ததா, அங்கே அதே பெயர்கள் சேர்ந்து வருதா என்று பார்க்கணும். ஃபிஸ்க் கென்ட்டில் செய்த வேலையும் அதே வகைதான்.

நீங்களும் தேடுறதா இருந்தால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் வயசான பெண்கள் இருந்தால் அவர்களிடம் முதலில் கேளுங்கள். தாத்தா பெயரை எல்லாரும் கேட்பார்கள், நீங்கள் தாத்தாவின் அக்கா தங்கச்சிகள் எந்தெந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார்கள் என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி, தேதியும் சொன்னவர் பெயரும் போட்டு வையுங்கள். பதிவேடுகள் இன்னும் பத்து வருஷம் பெட்டியில் இருக்கும். பாட்டிகள் இருப்பார்களா என்று சொல்ல முடியாது.